சிறகு முளைத்த கதவு

எமது வகுப்பறைக் கதவு பதினெட்டு ஆண்டுகளாக எமக்கு ஓர் ஆய்வுகூடக் கருவியாகப் பயன்பட்டு வருகிறது. பௌதிகவியலில் விசைத்திருப்பம் என்னும் பாடத்தைத் தொடங்கும் நாளில், வகுப்பிலே மிக மெலிந்த மாணாக்கன் ஒருவனையும் மிகத் தடித்த மாணாக்கன் ஒருவனையும் எழுப்பிக் கதவருகே நிறுத்துவோம். தடித்தவன் பிணைச்சலுக்கு அருகில் விரலை வைத்துக் கதவை ஒரு பக்கமாகத் தள்ளவேண்டும். மெலிந்தவன் கைபிடியில் விரலை வைத்து எதிர்ப்பக்கமாகத் தள்ளவேண்டும். எப்போதும் மெலிந்தவனே வெல்வான். வகுப்பு ஆரவாரிக்கும். விசை சிறிதாயினும் அது பிணைச்சலிலிருந்து எட்ட நின்று தள்ளினால் அதன் திருப்பம் பெரிதாகும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அன்றைய கடமை இனிதே முடிந்தது என மகிழ்வோம்.

2023 ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிற்கு இப்பாடத்தை நடத்திய அன்று, ஆரவாரம் அடங்கிய பின்னர் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். அதிகம் பேசாத பிள்ளை. தந்தையார் ஊரிலே வாகனங்கள் திருத்தும் கராஜ் ஒன்றை நடத்துபவர் என்பதை அறிந்திருந்தோம்.

"சேர், ஒரு படத்திலை பார்த்தனான். காரின்ரை கதவு பக்கத்தாலை திறக்காமல் மேலை திறக்குது, செட்டை விரிச்ச மாதிரி. அது ஏன் கீழை விழுகுதில்லை? ஏன் அப்பிடிச் செய்தவை?" என்று அவன் வினவினான்.

இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் விடை எமக்குத் தெரியாது. தெரியாது என்பது நாலே எழுத்துள்ள சொல். நாற்பது பிள்ளைகளின் கண்கள் எம்மை நோக்கியிருந்தபோது அந்த நாலெழுத்தும் நாவில் வர மறுத்தன. "பணம் கூடினால் கதவுக்கும் செட்டை முளைக்கும், தம்பி. அது பகட்டு, பௌதிகம் இல்லை. இரும்" என்று விடையிறுத்தோம். வகுப்பு கொல்லென்று நகைத்தது. அவனும் சிரித்துக்கொண்டே அமர்ந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் எம்மிடம் ஒரு கேள்வியேனும் கேட்டதாக நினைவில்லை. அப்போது நாம் அதனைக் கவனிக்கவுமில்லை.

கவனிக்கும்படி நேர்ந்தது 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில். ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் எமது தங்கை பல ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறாள். அவளுடைய வற்புறுத்தலுக்கு இணங்கி அவ்விடுமுறையில் அங்குச் சென்றிருந்தோம். அவளுடைய மூத்த மகன், எமது மருமகன், இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவன். மாமனார் பௌதிகவியல் ஆசிரியர் என்பதனால், வந்து மூன்றாம் நாளே எம்மை மெர்சிடஸ் பென்ஸ் நூதனசாலைக்கு அழைத்துச் சென்றான். 2006 இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில், வருவோரை முதலில் உச்சி மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கே 1886 ஆம் ஆண்டின் முதல் மோட்டார் வண்டியிற் தொடங்கி, சுற்றிச் சுற்றிச் சரிந்து இறங்கும் பாதை வழியே ஆண்டுகளைக் கடந்து கீழே வரவேண்டும்.

அவ்வாறு இறங்கி வருகையில், வெள்ளி நிறத்தில் ஒரு தாழ்ந்த வண்டியைக் கண்டு நின்றுவிட்டோம். 300 எஸ்.எல். என்பது அதன் பெயர். கதவுகளை மேலே விரித்தால் கடற்காகம் ஒன்று சிறகடித்து எழும் தோற்றம் வந்துவிடும். பெயரிற் காகமாயினும் நிறத்தால் வெண்மையான அப்பறவையின் சிறகைக் கொண்டே ஆங்கிலேயர் இதனைக் கல்விங் என்று அழைக்கின்றனர். பிரான்சு நாட்டவரோ வண்ணத்துப்பூச்சிக் கதவு என்கின்றனர். கல்விங் என்று தமிழில் எழுதிப் பார்த்தால் அதனுள்ளே 'கல்வி' ஒளிந்திருக்கிறது. அன்று அவ்வண்டி எமக்குப் புகட்டியதும் ஒரு கல்வியே.

"பணக்காரரின் பகட்டைப் பாரும்" என்று மருமகனிடம் கூறினோம். அதே சொல். ஓராண்டுக்கு முன்னர் வகுப்பிற் கூறியது.

"இல்லை மாமா. அது வடிவுக்குச் செய்யேல்லை. வேறை வழி இல்லாமல் செய்தது" என்றான் அவன்.

அன்றிரவு அவன் அதனை மெய்ப்பித்துக் காட்டினான். உணவு மேசையில் ஒரு கட்டு உறிஞ்சுகுழல்களையும் ஒரு பெட்டி குண்டூசிகளையும் பரப்பினான். முதலில் நான்கு குழல்களை ஊசியாற் பொருத்திச் சதுரமாக்கினான். விரலாற் தட்ட, சதுரம் சரிந்து படுத்தது. மூலைக்கு மூலை ஐந்தாவது குழல் ஒன்றைப் பொருத்தினான். இப்போது தட்டினாலும் அசையவில்லை. காரணம் வெளிப்படை. ஐந்தாவது குழல் சதுரத்தை இரண்டு முக்கோணங்களாக்கிவிட்டது. சதுரத்தின் பக்கங்களை மாற்றாமலே அதன் வடிவத்தைக் குலைக்கலாம். முக்கோணத்தின் பக்கம் ஒன்று நீளவோ குறுகவோ செய்தாலன்றி அதன் வடிவம் குலையாது. எமது வீட்டுக் கூரைகளில் மரங்களை முக்கோணமாகப் பொருத்துவதும் இது பற்றியே.

மருமகன் கூறிய வரலாறு இது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1952 ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்குப் புதிய வண்டி வேண்டும். புதிய இயந்திரம் ஒன்றை ஆக்குவதற்கோ வசதியில்லை. 300 என்னும் பெரிய குடும்ப வண்டியின் மூன்று லீற்றர், ஆறு உருளை இயந்திரமே கைவசம் இருந்தது. அது பாரமானது. எவ்வளவு திருத்தியும் சுமார் 170 குதிரைவலுவே அதிலிருந்து கிடைத்தது. வலுவைக் கூட்ட இயலாதபோது பாரத்தைக் குறைக்கவேண்டும். காற்றின் தடையையும் குறைக்கவேண்டும். ருடோல்வ் ஊலன்ஹவுட் என்னும் பொறியியலாளரும் அவரது குழுவினரும் அதனையே செய்தனர். மெல்லிய உருக்குக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டி ஒரு கூடு செய்தார்கள். அக்கூட்டில் எந்தக் குழாயும் வளைக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றும் ஒன்றில் இழுக்கப்படும், அன்றேல் நெருக்கப்படும். வளைவைத் தாங்கத் தேவையில்லாத குழாய் மெல்லியதாக இருக்கலாம். ஆகையால் முழுச் சட்டமும் ஏறக்குறைய 50 கிலோ நிறையுடன் அமைந்தது. இயந்திரத்தையும் நிமிர்த்தி வைக்காமற் சாய்த்துப் படுக்கவைத்து வண்டியின் மூக்கைத் தாழ்த்தினார்கள்.

இவ்விடத்தில் ஓர் இக்கட்டு நேர்ந்தது. அடிமட்டம் ஒன்றைத் தட்டையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள். எளிதில் வளையும். அதனையே விளிம்பில் நிறுத்தி வளைத்துப் பாருங்கள். வளையாது. திண்மமான சலாகை ஒன்றின் அகலம் மாறாமல் உயரம் மட்டும் இருமடங்கானால், வளைவை எதிர்க்கும் தன்மை எட்டு மடங்காகும். குழாய்க்கூட்டுக்குக் கணக்குச் சற்று வேறாயினும் நியாயம் ஒன்றே. வண்டி இடையில் தொய்யாதிருக்க வேண்டுமாயின், சட்டத்தின் பக்கங்கள் உயரமாயிருத்தல் வேண்டும். அவ்வாறே உயர்த்தினார்கள். உயர்ந்த அப்பக்கங்கள், சாதாரண வண்டியிற் கதவு இருக்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டன.

மருமகன் உறிஞ்சுகுழல்களால் ஒரு நீண்ட பெட்டியைச் செய்து, இரண்டு குவளைகளுக்கு இடையிற் பாலம்போல வைத்து, அதன்மேல் பிஸ்கற் பொதி ஒன்றை வைத்தான். பாலம் தாங்கியது. பின்னர் கத்தரிக்கோலால் ஒரு பக்கத்தின் மேற்குழலையும் அதனோடு சேர்ந்த சாய்வுக் குழல்களையும் வெட்டினான். "இதுதான் கதவு" என்று அவன் கூறி முடிக்குமுன் பாலம் தொய்ந்து, முறுகி, பிஸ்கற்றுகள் மேசையெங்கும் சிதறின. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, "மாமனும் மருமகனும் நல்லாய்ப் படிக்கிறியள்" என்று கூறிச் சென்றாள்.

"இப்ப சொல்லுங்கோ மாமா, கதவை எங்கை வைப்பியள்?"

சிறிது யோசித்து, பெட்டியின் மேற்புறத்தில் விரலை வைத்தோம். அவன் சிரித்தான். ஊலன்ஹவுட் குழுவினரும் விரலை வைத்த இடம் அதுதான். சட்டத்தை வெட்ட இயலாது. ஆகவே சட்டத்திற்கு மேலே உள்ள சன்னலையும் கூரையின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டி, கூரையின் நடுக்கோட்டருகே பிணைச்சலை அமைத்துவிட்டார்கள். மேற்புறத்திற் பிணைக்கப்பட்ட கதவு மேலேதான் திறக்கும். சிறகு முளைத்த கதை இவ்வளவே.

இவ்வெண்ணம் முன்னரும் ஒருவர் மனத்தில் எழுந்தது உண்டு. பிரான்சில் ஜான் புகாட்டி என்பவர் 1939 இல் தமது 64 ஆம் வகை வண்டிக்கு இவ்வாறு மேலே திறக்கும் கதவுகளை வரைந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், வேறொரு வண்டியை ஓட்டிச் சோதிக்கையில் நேர்ந்த விபத்தில் அவர் இறந்தார். ஓவியமாக நின்ற எண்ணத்தைத் தேவை என்னும் தாய் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஸ்ருட்காட்டில் மெய்யாகவே பெற்றெடுத்தாள்.

1952 மே மாதத்தில் இத்தாலியில் நடந்த மில்லே மிலியா பந்தயத்திற்கு வந்த வண்டிகளில், இக்கதவு ஒரு பெரிய சன்னல் அளவினதாகவே இருந்தது. இதனைக் கதவென்று கொள்வதா என்ற கேள்வி எழுந்தது. கதவு எத்திசையிற் திறக்கவேண்டும் என்று பந்தய விதிகள் கூறவில்லை. வண்டிகள் ஓடின. கார்ள் கிளிங் இரண்டாவதாக வந்தார். ஜூன் மாதத்து லு மான் பந்தயத்திற்குச் செல்லுமுன், கதவைப் பக்கத்தின் கீழ்நோக்கியும் நீட்டினார்கள். இன்று நாம் படங்களிற் காணும் வடிவம் அப்போதுதான் அமைந்தது. இருபத்துநான்கு மணிநேரம் ஓடும் அப்பந்தயத்தில் ஹேர்மன் லாங்கும் விறிற்ஸ் றீஸும் வென்றனர். அவ்வாண்டு நவம்பரில் மெக்சிக்கோவில் நடந்த பெரும் பந்தயத்திலும் இவ்வகை வண்டியே வென்றது.

நியூயோர்க்கில் ஐரோப்பிய வண்டிகளை இறக்குமதி செய்துவந்த மக்ஸ் ஹொவ்மன் என்பவரின் தூண்டுதலால், வீதியில் ஓடக்கூடிய வடிவம் ஒன்று 1954 பெப்ரவரியில் அந்நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1957 வரை அதில் 1,400 வண்டிகள் செய்யப்பட்டன. குழாய்ச்சட்டம் இதிலும் இருந்தது. ஆகவே சிறகும் இருந்தது. உயர்ந்த பக்கத்தைத் தாண்டி உள்ளே இறங்குவது எளிதன்று. அதற்காகச் சுக்கானை மடித்துத் தாழ்த்தும் வசதி செய்திருந்தார்கள். கதவின் வளைவினுள்ளே கண்ணாடியை இறக்க இடமில்லை. அதனைக் கழற்றி எடுக்கலாமேயன்றி இறக்க இயலாது. வெயிலிற் பயணம் செய்வோரின் பாட்டை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1957 இல் என்ன நேர்ந்தது என்பதே எமக்கு மிகவும் பிடித்த பகுதி. கூரையற்ற திறந்த வண்டியாக அதனை மாற்றவேண்டியிருந்தது. கூரை இல்லையேல் கூரைப் பிணைச்சலும் இல்லை. ஆகவே குழாய்ச்சட்டத்தை மீண்டும் கணக்கிட்டு, கதவுப் பகுதியிற் பக்கங்களைத் தாழ்த்தினார்கள். மற்றெல்லா வண்டிகளையும் போலப் பக்கத்தாலே திறக்கும் சாதாரணக் கதவு வந்துவிட்டது. தேவை நீங்கியதும் சிறகும் உதிர்ந்தது. பகட்டுக்காகப் பூட்டிய சிறகாயின் உதிர்த்திருப்பார்களா?

இதுவரை கேட்ட எமக்கு மனம் உறுத்தத் தொடங்கியது. கடைசி வரிசைப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. ஆயினும் மனித மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் தந்திரத்தில் வல்லது. "எல்லாச் சிறகுக் கதவும் தேவையாற் பிறந்தவைதாமா?" என்று மருமகனைக் கேட்டோம். எமது பழைய விடைக்கு ஏதேனும் ஒரு மூலையிற் புகலிடம் கிடைக்காதா என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

புகலிடம் கிடைத்தது. அம்மாணாக்கன் படத்திற் கண்டது, 1985 இல் வெளிவந்த காலப்பயணத் திரைப்படத்திற் புகழ்பெற்ற டெலோறியன் வண்டியாகவே இருக்கவேண்டும். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரருகே 1981 தொடக்கம் சுமார் 9,000 வண்டிகள் செய்யப்பட்டன. 1982 இல் நிறுவனம் நொடித்தது. அவ்வண்டியின் பலம் தரையோடு ஒட்டிய முதுகெலும்பு போன்ற சட்டத்தில் இருந்தது. பக்கங்களை உயர்த்தவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. சாதாரணக் கதவை அங்கே வைத்திருக்கலாம். சிறகை விரும்பியே வைத்தார்கள். ஆகவே அவன் கண்ட வண்டியைப் பொறுத்தவரை எமது விடை முழுப்பிழையன்று.

இவ்வாறு நாம் ஆறுதலடைந்து கொண்டிருக்கையில், மருமகன் தொடர்ந்து கூறியது அந்த ஆறுதலையும் கலைத்தது. விரும்பி வைத்த சிறகாயினும் அது விழாமல் நிற்கவேண்டுமே! டெலோறியன் கதவுகள் துருவேறா உருக்குத் தகடு போர்த்தவை; பாரமானவை. அவற்றைத் தாங்குவதற்காகக் கூரையினுள்ளே ஓர் உருக்குச் சலாகையைக் கிடத்தினார்கள். கதவை மூடும்போது சலாகை முறுக்கப்படும். திறக்கும்போது அம்முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்கும். சந்திரனில் மனிதரை இறக்கிய கலத்தைச் செய்த கிரமன் நிறுவனமே இச்சலாகைகளையும் செய்தது. சுழியத்திற்குக் கீழே 196 பாகை குளிருள்ள திரவ நைதரசனில் வைத்து அவற்றை முறுக்கினார்கள். அவ்வாறு கடுங்குளிரில் முறுக்குண்ட உருக்கு அதிக வலிமை பெறும். ஆயினும் முறுக்கிய சலாகை மூடிய நிலையிலேயே மிகுந்த வலுவுடன் தள்ளும். கதவு எழ எழ அதன் வலு தளரும். மேற்பகுதியிற் குறையும் வலுவை ஈடுசெய்ய, வாயு அடைத்த தண்டு ஒன்றையும் துணைக்குச் சேர்த்தார்கள். பகட்டே எனினும் அதனைத் தாங்கி நின்றது பௌதிகம். "அது பகட்டு, பௌதிகம் இல்லை" என்று நாம் கூறியதன் பிற்பாதி எவ்வகையிலும் பிழையே.

இன்னொரு செய்தியும் கூறினான். 2010 முதல் 2014 வரை அதே மெர்சிடஸ் நிறுவனம் எஸ்.எல்.எஸ். என்னும் வண்டியிற் சிறகுக் கதவை மீண்டும் கொண்டுவந்தது. வண்டி தலைகீழாகப் புரண்டால் மேலே திறக்கும் கதவு தரையில் முட்டுமல்லவா? உள்ளே இருப்பவர் எவ்வாறு வெளியேறுவார்? அதற்காகப் பிணைச்சல்களில் வெடிமருந்து வைத்த ஆணிகளைப் பூட்டினார்கள். வண்டி புரண்டு கிடந்தால் அவை வெடித்துக் கதவை விடுவிக்கும். முன்னோர் தேவையாற் செய்ததைப் பின்னோர் நினைவுக்காகச் செய்யும்போது, நினைவுக்கும் ஒரு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பியதும் அம்மாணாக்கனைப்பற்றி விசாரித்தோம். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியிருந்தான். பொறியியற் பீடத்திற்குப் போதிய புள்ளி கிடைக்கவில்லை. தந்தையாரின் கராஜில் வேலை செய்கிறான் என்றார்கள். அவனுடைய பெறுபேற்றுக்கு எமது ஒரு நகைப்புத்தான் காரணம் என்று கூறுவது மிகையாகும். அவ்வாறு எண்ணுவதும் ஒருவகைத் தற்பெருமையே. ஆயினும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை கேட்பதை நிறுத்தியது எமது வகுப்பில். அதனை மறுக்க எமக்கு வழியில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டு அங்கே சென்றோம். தந்தையார் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "மாஸ்ரர், வாங்கோ, இருங்கோ" என்று ஒரு கதிரையை எடுத்துப்போட்டார். மகன் வான் ஒன்றின் பின்புறத்தில் நின்றான். மேலே பிணைக்கப்பட்டு மேலே திறக்கும் பின்கதவு. அது விழாதபடி ஒரு தடியால் முட்டுக்கொடுத்திருந்தான்.

வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிக் கூறினோம். அன்று நாம் கூறிய விடை பிழை என்றும், விடை தெரியாமலே கூறினோம் என்றும், ஸ்ருட்காட்டிற் கற்றது இது என்றும் முழுவதையும் சொன்னோம். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பின்பு மெல்லச் சொன்னான்: "ஏன் செய்தவை எண்டது அப்பா அண்டைக்குப் பின்னேரமே சொன்னவர், சேர்."

தந்தையார் சற்றே நாணத்துடன், "நாங்கள் வானுக்குப் புதுக் கதவு வெட்டேக்கை, வெட்டமுன்னம் உள்ளுக்குக் குறுக்கை இரும்பு ஒட்டித்தான் வெட்டுறனாங்கள், மாஸ்ரர். இல்லாட்டில் பொடி தொங்கிப்போம். பக்கத்திலைதான் பலம் இருக்கு" என்றார்.

வாசகர்களே, எமக்கு ஒரு கண்டம் கடந்து சென்று உறிஞ்சுகுழல்களாற் கற்கவேண்டியிருந்ததை, எமது கல்லூரியிலிருந்து அரைக்கட்டை தூரத்தில் ஒருவர் தமது தொழிலால் அறிந்திருந்தார்.

"மற்றக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கேல்லை, சேர். ஏன் விழுகுதில்லை எண்டது" என்றான் மகன். முட்டுக்கொடுத்த தடியைக் காட்டினான். "இந்தக் கதவையும் பாருங்கோ. தண்டு இரண்டும் பழசு. கொஞ்சம் உயர்த்தினால் கை நோகேல்லை. முழுக்க உயர்த்தினாலும் ஒருமாதிரி நிக்குது. நடுவிலை விட்டால் அடிச்சு விழுகுது. ஏன்?"

இக்கேள்விக்கு எமக்கு விடை தெரியும். கதிரையிலிருந்து எழுந்து, சோக்குக்கட்டி கேட்டு வாங்கி, கராஜின் சீமெந்துத் தரையில் வரைந்தோம்.

கதவின் நிறை 30 கிலோ என்றும், அதன் புவியீர்ப்பு மையம் பிணைச்சலிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் உள்ளது என்றும் கணக்குக்காகக் கொள்வோம். கதவு நேர்கீழாகத் தொங்கும்போது பாரம் பிணைச்சலுக்கு நேர் கீழே இருக்கிறது, திருப்பம் இல்லை. நிலைக்குத்திலிருந்து 30 பாகை உயர்த்தினால் 75 நியூற்றன் மீற்றர் திருப்பம். தரைக்குக் கிடையாக வரும்போது 150. அதுவே உச்சம். கிடையையும் தாண்டி மேலும் 30 பாகை உயர்த்தினால் 130 ஆகக் குறைகிறது. பாரம் மாறவில்லை, பிணைச்சலிலிருந்து அதன் கிடைத்தூரமே மாறுகிறது. ஆகவேதான் தளர்ந்த தண்டு தொடக்கத்திற் சமாளிக்கிறது, நடுவிற் தோற்கிறது, மேலே மீண்டும் ஒருவாறு நிற்கிறது.

"தண்டு இரண்டு. ஆளுக்கு 75. தண்டு தள்ளும் கோடு பிணைச்சலிலிருந்து 15 சதமமீற்றர் தள்ளி இருந்தால், ஒவ்வொன்றும் 500 நியூற்றன் தள்ளவேண்டும். 50 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை" என்றோம்.

அவன் தரையில் உட்கார்ந்து எமது வரைபடத்தை நெடுநேரம் நோக்கினான். பிறகு, "அப்ப தண்டின்ரை கால் பூட்டிற இடத்தைக் கொஞ்சம் மாத்தினால், அதே தண்டே கூடத் தூக்கும்" என்றான்.

"15 ஐ 18 ஆக்கினால் 75 க்குப் பதில் 90" என்றோம்.

"கதவு பூட்டியிருக்கேக்கை தண்டு கதவோடை ஒட்டிப் படுக்கிறதும் அதுக்குத்தானே, சேர்? கோடு பிணைச்சலுக்குக் கிட்டப் போயிடும். எவ்வளவு தள்ளினாலும் திருப்பம் வராது. கதவு தானாய்த் திறக்காது."

அதுதான். சிறகுக் கதவின் இரகசியம் முழுவதும் அவ்வசனத்தில் அடங்கிவிட்டது. மூடிய நிலையில் தண்டின் தள்ளல் பெரிது, நெம்புதூரம் சிறிது. கதவு எழ எழத் தள்ளல் குறைகிறது, நெம்புதூரம் வளர்கிறது. இரண்டையும் பெருக்கினால் வரும் திருப்பம், கதவின் பாரம் தரும் திருப்பத்தை ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழச் சமன்செய்யும்படி பூட்டும் இடத்தைத் தேர்ந்துகொள்வதே பொறியியலாளனின் திறமை. குளிர்நாடுகளில் மாரிகாலத்தில் வாயுத்தண்டுக் கதவுகள் சோர்வதேன் என்பதையும் அவனுக்கே கணக்காகக் கொடுத்தோம். 30 பாகையிலிருந்து சுழியப் பாகைக்கு வெப்பநிலை இறங்கினால் தண்டினுள் வாயுவின் அமுக்கம் பத்தில் ஒரு பங்களவு குறையும் என்று, கெல்வின் அளவிற்கு மாற்றி அவனே கண்டுகொண்டான்.

இருட்டிய பின்னரே விடைபெற்றோம். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் இயந்திரக் கற்கைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் அவனுக்கு இருந்தது. அதற்கு வேண்டிய நற்சான்றிதழை எழுதித் தருவதாகக் கூறினோம். "வேறை கேள்வி இருந்தால் வரலாமோ, சேர்?" என்று அவன் படலை வரை வந்து கேட்டான். இவ்வொரு கேள்விக்காக நாம் எத்தனை காதமும் சென்றிருப்போம்.

அடுத்த வாரம் புதிய உயர்தர வகுப்பிற்கு விசைத்திருப்பப் பாடம் வந்தது. வழக்கம்போல மெலிந்தவன் வென்றான், வகுப்பு ஆரவாரித்தது. அதன்பின் சிறகுக் கதவின் கதையை, எமது பிழையையும் சேர்த்தே சொன்னோம். பிள்ளைகள் நகைத்தார்கள். இம்முறை நகைப்புக்கு உரியவர் நாமே என்பதனால் அது எமக்கு உறுத்தவில்லை.

நகைப்பு அடங்குமுன் முன்வரிசையிலிருந்து ஒருவன் கையுயர்த்தினான். "சேர், கடற்காகம் செட்டையை மேலை தூக்கேக்கை அதுக்கும் திருப்பம் இருக்குத்தானே? அதின்ரை பிணைச்சலிலை எந்தத் தசை தூக்குது?"

"தெரியாது தம்பி. பார்த்துச் சொல்லுகிறேன்" என்றோம்.